கரூர் சென்ற வீட்டு வண்டி

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். ஊர் திரும்பும்போது பெட்டி படுக்கையுடன் திரும்புவதே வழக்கம். வீட்டையே கொண்டு சென்ற பெரியவர் ஒருவரை நான் அறிவேன். அதுவும் ஓடாத வீட்டை! 2024ஆம் ஆண்டு மாசித் திங்களில், நாகபுரியிலிருந்து கரூர் வரை அவ்வீட்டிற்குத் துணையாகச் சென்று வந்தேன். அந்த அனுபவத்தைச் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அப்பெரியவர் ரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். முப்பத்தாறு ஆண்டுகள் நாகபுரியிலேயே உழைத்தார். ஊரிலிருந்த பூர்விக வீட்டைத் தம்பிமார்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது. அப்போது அவர் கையிருப்பில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு பழைய பேருந்தை வாங்கி, முறைப்படி அனுமதி பெற்று, அதை வீட்டு வண்டியாக மாற்றினார். கேரவன் என்று இக்காலத்தில் வழங்குவது அதுதான். இரண்டு கட்டில், ஒரு சிறு சமையலறை, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. முழங்கால் வலியால் நெடுநேரம் உட்கார இயலாத தம் மனைவியாருடன், ஆற்றங்கரை தோறும் தங்கித் தங்கித் தெற்கே செல்வது அவரது எண்ணம்.

வெள்ளோட்டமாக ராம்டேக் மலைக்கோயிலுக்குச் சென்று திரும்புகையில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இழுத்து வருவதும் எளிதாக இல்லை. எஞ்சின் ஓடாவிடில் ஏர் பிரேக்கிற்குக் காற்று கிடைக்காது, பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். ஆகவே வெளியிலிருந்து காற்று கொடுக்க வேண்டும். சக்கரம் உருளும்போது கியர்பாக்ஸும் எண்ணெய் ஓட்டமின்றிச் சுழன்று தீய்ந்துபோகும் என்பதால், புரொப்பெல்லர் ஷாப்ட்டையும் கழற்ற வேண்டும். இவற்றையெல்லாம் செய்து நகருக்குக் கொண்டுவந்த பின்னர் மெக்கானிக் சொன்னார்: “எஞ்சினை மாற்றிவிடலாம். அடித்தளச் சட்டங்களும் துருவேறிவிட்டன. இதை பாடி கட்டியவர்கள்தான் பார்க்க வேண்டும்.”

அந்த பாடி கட்டப்பட்ட ஊர் கரூர். பேருந்துக் கூடு கட்டுவதில் பெயர் பெற்ற அவ்வூர் நாகபுரிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று பலரும் கூறினர். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொன்னதே சரி. பெரியவரோ, “தம்பி, பிறர் சரக்கையெல்லாம் சேரவேண்டிய ஊருக்குச் சேர்த்தவன் நான். என் சரக்கு வழியில் கிடக்கலாமா?” என்றார். அதன்பின் நான் வாதாடவில்லை.

“உங்கள் ரயிலிலேயே ஏற்றிவிடலாமே” என்று நண்பர்கள் கேட்டனர். நமது அகலப் பாதையில் சாதாரணமாகச் செல்லும் சரக்கின் உச்சி, தண்டவாளத்திலிருந்து 4.265 மீட்டருக்கு மேற்படலாகாது. தட்டையான வேகனின் தளமே ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரம். வண்டியின் உயரம் 3.2 மீட்டர். கூட்டிப் பாருங்கள், இடிக்கும். வரம்பு மீறிய சரக்கென்று தனி அனுமதி பெற்று ஒரே ஒரு வண்டியை அனுப்புவது ஏழைக்கு எட்டாத செலவு.

நல்வேளையாக, நாமக்கல்லிலிருந்து இயந்திரம் ஏற்றிவந்து இறக்கிய ஒரு லோபெட் டிரெய்லர் வெறுமனே திரும்பவிருந்தது. ரிட்டன் லோடு என்பதால் வாடகை குறைந்தது. அதன் தளம் 90 சென்டிமீட்டர். ஆக மொத்தம் 4.1 மீட்டர். கூரைத் தொட்டியைக் கழற்றினோம். எரிவாயு சிலிண்டரை இறக்கினோம். வின்ச் கொண்டு வண்டியை மேலே இழுத்தோம். ஓட்டுநர் சங்கிலிகளைக் கூட்டில் மாட்டாமல் அச்சில் மாட்டினார். ஸ்பிரிங்கின் மேலுள்ள கூடு ஆடிக்கொண்டே இருக்குமாம். உள்ளே அம்மாவின் அம்மிக்கல் இருந்தது. அதையும் அச்சுக்கு நேராக வைத்துக் கயிற்றால் பிணைத்தார். ஏற்றப்பட்ட வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பதால், முதியவர்கள் ரயிலில் புறப்பட்டனர். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன்.

ஹிங்கன்காட்டை அடையுமுன் டிரெய்லர் நின்றது. “கட்டுன சங்கிலிய நம்பலாங்க சார், முதல் அம்பது கிலோமீட்டர நம்பக்கூடாது” என்றார் ஓட்டுநர். சங்கிலி நான்கு விரல் தளர்ந்திருந்தது! மீண்டும் இறுக்கிப் புறப்பட்டோம்.

வாரணாசியிலிருந்து குமரி வரை 7ஆம் எண் சாலை என்று முன்பு வழங்கியது, 2010ஆம் ஆண்டு எண் மாற்றத்திற்குப் பின் நாகபுரிக்குத் தெற்கே 44ஆம் எண் சாலையின் பகுதியாகிவிட்டது. பெண்கங்கையைத் தாண்டினால் தெலங்கானா. மரப்பொம்மைகளுக்குப் பெயர் போன நிர்மலைக் கடந்து, சோன் அருகே கோதாவரியைக் கண்டோம். ஹைதராபாத் நகருக்குள் புகாமல் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையின் ஒரு பகுதியைச் சுற்றிச் சென்றோம். பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, கர்நூலில் துங்கபத்திரை. பெரியவர் தங்க விரும்பிய கரைகள் இவையே என எண்ணுகையில் என் நெஞ்சு கனத்தது.

அப்பால் ஓரிடத்தில் சாலைப் பணிக்காகப் பக்கச் சாலையில் திருப்பிவிட்டனர். எதிரே ஒரு ரயில் பாலம். ‘உயரம் 4 மீட்டர்’ என்றது பலகை. பத்து சென்டிமீட்டர் வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் கூரை இருந்தது! ஓட்டுநர் பதறவில்லை. நான் பின்னால் நடந்து கைகாட்ட, அரைக் கிலோமீட்டர் தூரம் பின்னோக்கியே வந்து வேறு வழி பிடித்தார். அன்று எனக்கு இரவு உணவு இறங்கவில்லை.

பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்கினோம். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவோர் விபத்துக்குள்ளாகும் இறக்கம் அது. எம் ஓட்டுநர் சிறு கியரிலேயே ஊர்ந்தார். ஆறாம் நாள் பரமத்தி வேலூரை அடுத்துக் காவிரிப் பாலம் தென்பட்டது. டிரெய்லரை ஓரங்கட்டிவிட்டு இருவரும் கைகூப்பினோம்.

கரூர்ப் பட்டறையில் முதியவர்கள் காத்திருந்தனர். அம்மா கேட்ட முதல் கேள்வி, “அம்மி உடையலியே தம்பி?” என்பதே. கதவைத் திறந்து பார்த்தோம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். 1,300 கிலோமீட்டர் ஆடி வந்தும் அந்த அம்மி ஓரங்குலமும் நகரவில்லை. அன்று மாலை பட்டறையின் வேப்பமர நிழலில் அதை இறக்கி வைத்துத் துவையல் அரைத்தார். ஓட்டுநர் உட்பட நால்வரும் உண்டோம்.

மூன்று திங்கள் சென்றபின் பெரியவர் கடிதம் எழுதினார். வண்டி ஓடுகிறதாம், காவிரிக் கரையில் நிற்கிறார்களாம், மற்ற நான்கு ஆறுகளையும் பார்க்க மழை கழிந்ததும் வடக்கே வருவார்களாம். நாகபுரிக்கு வந்தால் எங்கே நிறுத்துவது என்று கேட்டிருந்தார். எங்கள் வீட்டு வாசலை நாடா பிடித்து அளந்து, இடம் போதும் என்று பதில் எழுதிவிட்டேன்.