நெற்றித் தழும்பும் 23,418 போட்டோவும்

உங்கள் செல்போனில் எத்தனை போட்டோ இருக்கிறது? சும்மா சொல்லுங்கள், வீட்டில் சொல்ல மாட்டேன். என்னுடையதில் 23,418. இதில் என் மூஞ்சி மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம். மீதியெல்லாம் சாப்பிடுவதற்கு முன் எடுத்த மசால் தோசை, யாரோ அனுப்பிய ‘குட்மார்னிங்’ ரோஜா, கரண்ட் பில், பைக்கை எந்தத் தூணோரம் நிறுத்தினோம் என்று மறக்காமலிருக்க எடுத்த பார்க்கிங் தூண்.

அப்பா காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். அதை அவர் ஒரு வருஷம் ஓட்டுவார். தீபாவளிக்கு எட்டு, பொங்கலுக்கு ஆறு, திருப்பதி மொட்டைக்கு நாலு. நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால், “போதும், போதும். ரோல்ல இன்னும் நாலுதான் பாக்கி. சித்தி வளைகாப்பு வருது” என்று கேமராவை உறையில் போட்டு மூடிவிடுவார். பிரிண்ட் வந்ததும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, ஊர், யார் யார் என்று பொடி எழுத்தில் எழுதுவார். எந்தப் படத்தைக் கேட்டாலும் ஒரே நிமிஷத்தில் ஆல்பத்திலிருந்து எடுத்துத் தருவார்.

அவர் ஒரு வங்கியில் லெட்ஜர் கிளார்க். எங்கள் வீட்டில் ரப்பரே கிடையாது. கணக்கு நோட்டில் நான் தப்பாகப் போட்டு, எச்சில் தொட்டு அழிக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். “அழிக்காதேடா. மேலே ஒரு கோடு போடு. பக்கத்துல சரியானதை எழுது. தப்பு பண்ணினதும் தெரியணும், திருத்தினதும் தெரியணும்.”

அந்த மனிதருக்கு மகனாகப் பிறந்து, பி.காமும் படித்துவிட்டு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

2023. அப்போது ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் திடீரென்று இன்ஸ்டாகிராமில் பளபளவென்று ஜொலிக்க ஆரம்பித்தார். நேரில் பார்த்தால் அதே பழைய மூஞ்சி. விசாரித்ததில், “ஆப் சார், ஆப்!” என்றார். அன்றைக்கே நானும் அதை இறக்கினேன். ‘மூன்று நாள் இலவசம்’ என்றது. கேட்ட இடத்திலெல்லாம் ‘ஓகே’ அழுத்தினேன். பரு போயிற்று, கருவளையம் போயிற்று, முன்நெற்றியில் முடிகூட முளைத்தது. இரண்டாம் நாளே அலுத்துப்போய் ஆப்பைத் தூக்கி எறிந்தேன்.

நாலாம் நாள் காலையில் மெசேஜ். வருஷ சந்தா 1,999 ரூபாய் கணக்கிலிருந்து போயாச்சு!

ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா ரத்தாகாது. இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாடகை ஒப்பந்தம் அப்படியே இருக்க, சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு வந்த கதை. பிளே ஸ்டோருக்குள் போய், ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்ற இடத்தில் கேன்சல் பண்ண வேண்டும். யு.பி.ஐ. ஆட்டோபே கொடுத்திருந்தால் அதையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. கட்டின பணம் வீணாகக் கூடாதே என்று ஆப்பை மறுபடி இறக்கி, குடும்பத்தில் ஒருத்தர் விடாமல் வெள்ளையடித்தேன்.

அந்த வரிசையில் அப்பாவும் மாட்டினார். எழுபதாவது பிறந்தநாளன்று, வராந்தா நாற்காலியில், கதர்ச் சட்டையுடன் எடுத்த படம். லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் கேமராவுக்குச் சிரித்த ஒரே படம். அதை ஆப்பில் போட்டுத் தேய்த்ததில் பத்து வயசு குறைந்தது. புருவத்துக்கு மேலிருந்த தழும்பும் போயே போச்சு. சின்ன வயதில் கிணற்று மேடையில் வழுக்கி விழுந்து, ஏழு தையல் போட்ட தழும்பு.

இன்ஸ்டாகிராமில் போட்டேன். 112 லைக். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“யார்ரா இது, உன் மாமனாரா?”

“நீங்கதாம்ப்பா!”

“தழும்புக்கு ரப்பர் போட்டுட்டியாக்கும்” என்று சிரித்தார். அத்தோடு விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை. போனில் இடமில்லை என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தபோது, ‘ஒரே படம் ரெண்டு எதுக்கு?’ என்று பளபளப்பை வைத்துக்கொண்டு அசலை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினேன். சுத்தம்!

போன வருஷம் புரட்டாசியில் அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே.

மூன்றாம் நாள் அம்மா கேட்டாள். “பொறந்தநாளுக்கு எடுத்தியே, சிரிச்சுண்டு இருப்பாரே, அதை பெரிசா பண்ணி மாட்டணும்டா.” போனை நீட்டினேன். அம்மா பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். “இது வேண்டாம்ப்பா. இது அவர் இல்லே.”

அன்று ராத்திரி உட்கார்ந்து 23,418-ஐயும் தள்ளினேன். கூகுள் போட்டோஸில் ஒரு வசதி உண்டு. முகங்களை அதுவே பார்த்து ஆளுக்கு ஒரு கட்டாகக் கட்டி வைக்கும். அப்பா முகத்தைத் தொட்டேன். 41 படம் வந்தது. என் ஆறாயிரத்துக்கு எதிரே நாற்பத்தொன்று! அதிலும் பாதி, என் செல்ஃபிக்குப் பின்னால் தற்செயலாக விழுந்தவர். ஒன்றில் என் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஒன்றில் தோள் மட்டும். ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறார். ஐந்தொகை போட்டுப் பழகினவன் நான். இந்தக் கணக்கு எந்தப் பக்கம் கூட்டினாலும் டாலி ஆகவில்லை.

பிறந்தநாள் படத்தின் அசல் அங்கேயும் இல்லை. கூகுள் போட்டோஸ் 2015-ல் வந்தபோது, கொஞ்சம் தரம் குறைத்த படங்களைக் கணக்கில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டது. 2021 ஜூன் முதல் தேதியோடு அந்தத் தர்மம் முடிந்தது. அதன்பின் ஏற்றுகிற படமெல்லாம் 15 ஜி.பி. கணக்கில் சேரும். மெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதினைந்து. என்னுடையது எப்போதோ ரொம்பி, பேக்கப் நின்றுபோயிருந்தது. அது வாரா வாரம் சொல்லியும் இருக்கிறது. நான்தான் தள்ளிவிட்டிருக்கிறேன்.

கடைசியில் காப்பாற்றியது திருச்சி அக்கா. அன்றைக்கே வாட்ஸப்பில் அவளுக்கு அனுப்பியிருக்கிறேன், தேய்ப்பதற்கு முன்னால். படம் வந்தது. ஆனால் வாட்ஸப் சுருக்கி அனுப்பியதில் நீளப் பக்கம் 1,600 பிக்சல்தான். பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலம் பிரிண்ட் போட்டால், அங்குலத்துக்கு நூற்றுச் சொச்சம் புள்ளிதான் தேறும். முந்நூறு இருந்தால்தான் பிரிண்ட் கத்தி மாதிரி இருக்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பியிருந்தால் அசல் அப்படியே போயிருக்கும். இதெல்லாம் அப்புறம் வந்த ஞானம்.

இப்போது என் போனில் போட்டோவுக்கு இரண்டே ஆப். திருத்துவதற்கு ஸ்னாப்சீட். 2012-ல் கூகுள் வாங்கியது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. வெளிச்சம் கூட்ட, கோணல் நிமிர்த்த, இன்ஸ்டாவுக்கு நாலுக்கு ஐந்து என்று வெட்ட, நம்ம மாதிரி ஆளுக்கு அதுவே தாராளம். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. திருத்தி முடித்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால் புதிதாக ஒரு பிரதி வரும். அசல் அசலாகவே இருக்கும். அப்பா சொன்ன அதே கோடு!

வைப்பதற்கு கூகுள் போட்டோஸ். 100 ஜி.பி.க்கு மாதம் 130 ரூபாய் கட்டுகிறேன். ஆபீஸ் வாசலில் குடிக்கும் டீயில் பத்தைக் குறைத்தால் வந்துவிடும். வாட்ஸப்பில் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்தினேன். ரோஜாப்பூ பாதி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து நிமிஷம், அந்த வாரப் படங்களில் தோசையையும் தூணையும் அழித்துவிட்டு, மிச்சத்துக்கு ஊர், பேர் எழுதிவிடுகிறேன். அம்மா பேரில் தனி ஆல்பம் போட்டிருக்கிறேன். இதுவரை 63. அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்பாள்.

அன்றைக்கு ஸ்டுடியோவுக்கு அம்மாவும் வந்திருந்தாள். பையன் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிசு பண்ணிப் பார்த்தான்.

“கொஞ்சம் சாஃப்டாதான் வரும் சார், பரவால்லையா? நெத்தியில ஏதோ தழும்பு மாதிரி இருக்கு. எடுத்துடட்டுமா? அதுக்குத் தனியா சார்ஜ் இல்லே.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“இருக்கட்டும் தம்பி. அது எனக்கு முன்னாடியே அவர்கிட்ட வந்தது.”