242 என்று தொடங்கும் வண்டி

உடப்புசல்லாவை ரயில் பாதை என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் உடப்புசல்லாவைக்கு அது வந்து சேரவே இல்லை. நானுஓயாவில் புறப்பட்ட அந்தச் சின்னக் கோச்சி, இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் 1903இல் நுவரெலியாவையும், கந்தப்பளை வழியாக 1904இல் ராகலையையும் எட்டி, அதோடு நின்றுவிட்டது. ராகலைக்கு அப்பால் டெல்மார், லக்கிலேண்ட், கிர்க்லீஸ் என்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு மாட்டு வண்டியும் தலைச்சுமையும்தான். லொறி பிறகு வந்தது. 1940களில் அந்த ரயிலையும் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் வீட்டு லேண்ட் ரோவரின் பூர்வீகத்தைத் தேடப் போனபோதுதான் இந்த ரயில் கதை எனக்குத் தேவைப்பட்டது. ரயில் எட்டாத மலைகளில் எந்த வண்டி ஏறுகிறதோ அதற்குத்தான் மதிப்பு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை எங்கள் சரிவுகளில் கொட்டும். கொழுந்து மலைகளுக்குள் சுற்றும் காட்ரோடுகள் சேறாகிவிடும். ஒரு பக்கம் மண் அணை, மறு பக்கம் பள்ளம். அந்த ரோட்டில் காருக்கு வேலை இல்லை.

அப்பா இந்த வண்டியை 1990களின் நடுவில் ராகலை வியாபாரி ஒருவரிடம் வாங்கினார். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்குக் கொண்டுவர ஒரு வண்டி வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து, துரை வரும்போது வழிவிட்டு ஒதுங்கி நின்று வளர்ந்தவர், அதே ஜாதி வண்டிக்குச் சொந்தக்காரர் ஆனதில் அவருக்கு எவ்வளவு பெருமை என்பது அவர் அதைக் கழுவும் விதத்தில் தெரியும்.

வண்டியைப் பற்றி ஊரில் இரண்டு கதைகள் இருந்தன. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஊரிலிருந்து கப்பலில் தன்னோடு கொண்டுவந்தது என்பது ஒன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து மவுண்ட்பேட்டன் விட்டுவிட்டுப் போன ஜீப் என்பது மற்றது. அப்பாவிடம் இருந்த வண்டிப் பதிவுப் புக்கைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அது பிற்காலத்தில் எழுதிக் கொடுத்த பிரதி. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு அரசின் தோட்டச் சபையான ஜனவசம பெயரில் இருந்ததிலிருந்துதான் அதில் பதிவு தொடங்குகிறது. அதற்கு முந்திய சொந்தக்காரர் யார் என்ற இடம் வெறுமை.

மவுண்ட்பேட்டன் கதையை முதலில் எடுத்துக்கொண்டேன். தென்கிழக்கு ஆசியக் கூட்டுப் படைகளின் தலைமையகத்தை அவர் 1944இல் கண்டிக்குக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அந்தப் படைகளோடு வந்தவை அமெரிக்க ஜீப்புகள். லேண்ட் ரோவர் என்ற வண்டியே அப்போது உலகத்தில் இல்லை.

அது உண்டான விதத்திலும் ஒரு பழைய அமெரிக்க ஜீப் இருக்கிறது. ரோவர் கம்பனியின் தொழில்நுட்பத் தலைவர் மொரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே ஓட்ட யுத்தத்தில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்துபோனால் அதற்குப் பதிலாக வாங்க இங்கிலாந்தில் ஒரு வண்டியும் கிடையாது. கம்பனியை நிர்வகித்த அண்ணன் ஸ்பென்சரோடு பேசி, 1947இல் ஜீப் ஷாசி மேலேயே முதல் மாதிரியைக் கட்டினார்கள். அதில் ஸ்டியரிங் நட்ட நடுவில் இருந்தது. உழவு இயந்திரத்தில் உட்கார்வதுபோல ஓட்டலாம், இடப்பக்கம் வலப்பக்கம் என்று இரண்டு வகை செய்யவும் வேண்டாம். அந்த யோசனை நிலைக்கவில்லை. 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டியை வெளியிட்டபோது ஸ்டியரிங் வழக்கமான இடத்துக்கு வந்திருந்தது. விலை 450 பவுண்.

அப்போது இங்கிலாந்தில் உருக்குக்குக் கடும் பங்கீடு. ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத்தான் உருக்கு. ஆகவே ஷாசியை உருக்கிலும் உடலை அலுமினியக் கலவைத் தகட்டிலும் செய்தார்கள். விமானங்களுக்குப் பூசி மிஞ்சிய பச்சை மைதான் முதல் வண்டிகளின் நிறம். கார் வியாபாரம் பழைய நிலைக்குத் திரும்பும் வரை இரண்டு மூன்று வருஷம் தள்ள ஒரு வழி என்றுதான் தொடங்கினார்கள். பர்மிங்ஹாமுக்குப் பக்கத்துச் சொலிஹல் ஆலையில் அந்தப் பரம்பரையின் கடைசி வண்டி வெளிவந்தது 2016 ஜனவரி 29இல். இடையில் கம்பனி பல கைகள் மாறி, 2008இல் டாட்டாவிடம் வந்து சேர்ந்திருந்தது.

பங்கீட்டுக் காலத்து அந்த அலுமினியம் எங்கள் ஊருக்கு ஒரு கொடை. அறுபது வருஷ மழையில் எங்கள் வண்டியின் கதவுத் தகட்டில் துருவே இல்லை. உருக்குப் பகுதிகள்தான் போய்விட்டன. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை இரண்டு தடவை வெட்டி ஒட்டியிருக்கிறோம். கண்ணாடிக்குக் கீழே காற்றுக்காக வைத்த மூடிகள் வழியே மழை நேரே முழங்காலில் இறங்கும். ஸ்டியரிங்கில் இருக்கும் ஆட்டத்துக்கு ஒருவர் பழக நாளாகும். பழைய 2286 சிசி பெட்ரோல் எஞ்சின் எங்களிடம் வருமுன்பே போய், ஜப்பான் டீசல் எஞ்சின் ஏறியிருந்தது. ராகலையில் இருக்கும் மெக்கானிக் பாஸ் ஒருவர்தான் எல்லாவற்றையும் பார்ப்பார். அவர் சொல்லும் சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காவிட்டால் கடைந்து செய்துவிடுவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, இந்த மாதிரி வண்டிகளுக்கு வந்த கிராக்கியைப் பார்த்து அப்பாவிடம் விலை கேட்டு வந்தவர்கள் பலர். அவர் ஒருவருக்கும் விலை சொல்லவில்லை.

அந்தப் பாஸ்தான் எனக்கு வழி காட்டினார். முதலில் மட்கார்டின் உள்பக்கம் மையைச் சுரண்டினார். மேலே வெள்ளை, அடுத்து நீலம், அடியில் கரும்பச்சை. பிறகு முன் வலப்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் கொக்கியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். ஷாசி இலக்கம் அங்கேதான் குத்தியிருப்பார்களாம். எண்ணெய்க் கறைக்குள்ளிருந்து 242 என்று தொடங்கும் ஓர் எண் எழும்பியது, கடைசியில் ஓர் ஆங்கில எழுத்துடன்.

242 என்பதற்கு அர்த்தம் உண்டு: இரண்டாம் தொடரின் 'ஏ' வகை, 88 அங்குலச் சக்கர இடைவெளி, பெட்ரோல் எஞ்சின், வலப்பக்க ஸ்டியரிங், ஏற்றுமதிக்கென்று கட்டியது. துரை தன் கையோடு கொண்டுவந்த கதையும் இந்த மூன்று இலக்கத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. 1958இல் வந்த இரண்டாம் தொடரில் இலக்கத்துக்குள்ளேயே ஆண்டைக் குறிக்கும் எண் இருந்தது. 1961இல் 'ஏ' வகை வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். எனவே ஆண்டை அறிய, இங்கிலாந்தில் கேடன் என்ற இடத்தில் இருக்கும் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். ரோவர் ஆலையின் பழைய பேரேடுகள் அங்கே பாதுகாப்பில் இருக்கின்றன. பணம் கட்டினால் வண்டியின் சான்றிதழ் தருவார்கள். வந்தது: 1964இல் கட்டியது, நிறம் கரும்பச்சை, அனுப்பிய இடம் கொழும்பு. பாஸின் சுரண்டல் சரிதான்.

பின்னால் இருக்கும் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ. அந்த எழுத்து தகடுகளில் ஏறியதை எதிர்த்து 1958இல் மலையகத்திலும் கிளர்ச்சி நடந்தது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். அப்பா அந்தத் தகட்டைக் கழற்றவும் இல்லை, அதற்கு மெருகு போடவும் இல்லை.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் எனக்கு நிறைவு இல்லை. கையில் இருந்ததெல்லாம் செய்தவர்களின் கதை, வாங்கியவர்களின் கதை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்கு வந்தது. இடையில் எங்கேயோ இந்த வண்டி ஏலத்தில் கழிந்தது. இந்த வரிசையில் ஒரு டிரைவர்கூட இல்லை. ஆனால் ஊரில் பழையவர்கள் யாரைக் கேட்டாலும் துரைமாரின் பெயர் மறந்துபோய்விட்டது. டிரைவரைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். 'ஜீப்புக்காரர்' என்பார்கள். டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீற்றர் உயரச் சந்தக்பூவுக்கு இன்றும் ஏறும் பழைய லேண்ட் ரோவர்களும் அங்கிருந்த தேயிலைத் துரைமார் விட்டுப்போனவைதான் என்பார்கள். அங்கே ஓட்டுகிறவர்களே சொந்தக்காரர்கள் ஆனார்கள், அதனால் அவர்கள் பெயர் நிற்கிறது. எங்கள் பக்கம் அப்படி நடக்கவில்லை.

மேல்பிரிவு லயத்தில் இருக்கும் ஓர் அம்மாயி சொன்னார்: "எம் மூத்தவ ஜீப்புக்குள்ளதான் தம்பி பொறந்தா. பொங்கல் முடிஞ்சு அஞ்சாறு நாள் இருக்கும். ராத்திரி வலி கண்டுருச்சு. லொறி நுவரெலியா போயிருந்துச்சு. ஜீப்புக்காரரு பங்களாவுக்கு ஓடி தொரைய எழுப்பிக் கேட்டு எடுத்தாந்தாரு. கந்தப்பளை தாண்டல, புள்ள வந்துருச்சு." பின்னால் எதிரெதிரே இருக்கும் அந்தப் பலகை ஆசனத்தில். வேலைக்காரர்கள் அந்த வண்டியில் ஏறியது இப்படிப்பட்ட இரவுகளில்தான்.

ஜீப்புக்காரர் எங்கே என்று கேட்டால், எல்லோரும் கையை வடக்கே காட்டினார்கள்: இந்தியாவுக்குப் போய்விட்டார்.

லேண்ட் ரோவர் பிறந்த 1948ஆம் ஆண்டின் கடைசியில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. எங்கள் வண்டி கட்டப்பட்ட 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று. வண்டிக்குப் புக் இருந்தது, ஷாசி இலக்கம் இருந்தது, இங்கிலாந்தில் ஒரு பேரேட்டில் பிறந்த தேதி இருந்தது. அதைத் தினமும் ஓட்டியவருக்கு நாடு இல்லை. இந்த வரியை எழுத எனக்குக் கை நடுங்குகிறது. ஆனாலும் இதை விட்டுவிட்டு இந்த வண்டியின் சரித்திரத்தை எழுத என்னால் முடியாது. அவர் 1973இல் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார்.

கல்யாணப் பத்திரிகை, சாவுச் செய்தி என்று இரு கரையிலும் உறவு விடாமல் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மூலம் கோத்தகிரியில் இருக்கும் அவர் மகளின் தொலைபேசி எண் கிடைத்தது. ஜீப்புக்காரர் இறந்து பல வருஷம். மகளை அக்கா என்றே கூப்பிட்டேன். சிறு பிள்ளையாக அந்த ஜீப்பில் ஒரே ஒரு முறை, அதுவும் துரை ஊரில் இல்லாத நாளில், கராஜிலிருந்து ஸ்டோர் வரைக்கும் போனதாகச் சொன்னார். அவருடைய அப்பா மஞ்சள் குமிழைப் பற்றி ஓயாமல் பேசுவாராம். மஞ்சள் குமிழை அமுக்கினால் முன்சக்கரங்களும் இழுக்கும். ஆனால் அதைக் கையால் இழுத்து விடுவிக்க முடியாது. வண்டியை நிறுத்தி, சிவப்புக் குமிழைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்குத் தள்ளினால்தான் மஞ்சள் தானாக எழும்பும். இது தெரியாமல் ஒரு சின்னத்துரை குமிழையே பிடுங்கி எடுத்துவிட்டாராம். எங்கள் வண்டியில் மஞ்சள் குமிழ் வேறு வண்டியிலிருந்து வந்தது என்று பாஸ் முன்பே சொல்லியிருந்தார்.

அக்காவிடம் ஒரு கொப்பி இருந்தது. ஓவர்டைம் காசு சரியாக வருகிறதா என்று பார்க்க, 1966 முதல் கப்பல் ஏறும் வரை, ஜீப்புக்காரர் தனக்கென்று தமிழில் எழுதி வைத்த ஓட்டக் கணக்கு. தேதி, புறப்பட்ட நேரம், போன இடம், மைல். அட்டையில் அந்த ஸ்ரீ இலக்கம், எங்கள் தகட்டில் உள்ளதேதான். பக்கங்களைப் படம் பிடித்து ஒவ்வொன்றாக அனுப்பினார். பெரும்பாலும் 'பேங்கு', 'கிளப்பு', 'நானுஓயா கோச்சி' என்று துரை வேலைகள். 1971 ஜனவரியில் ஒரு வரி: 'இரவு 11, நுவரெலியா ஆஸ்பத்திரி, பொம்பளை 2, பிள்ளை 1'. புறப்பட்டபோது பிள்ளை இல்லை என்பதால் கடைசிச் சொல்லைப் பிறகு வேறு மையில் சேர்த்திருக்கிறார்.

அம்மாயியின் மூத்த மகள் இப்போது ராகலையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் மார்ச் மாதத் தேதி; தோட்டத்தில் பதிவு பிந்தித்தான் நடக்கும். பிறந்த நாள் சரியாகத் தெரியாததால் ஜாதகமும் எழுதவில்லை, கோயில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால் வெறும் பெயரைத்தான் சொல்லி வந்தார். தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டியபோது தேதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். மறுநாளே ஐயரிடம் போய் அந்த வருஷப் பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

கொப்பியில் இரவு நேரத்து ஆஸ்பத்திரி ஓட்டங்கள் இன்னும் பல இருக்கின்றன. எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதிக்கொண்டு வருகிறேன். 1966க்கும் 1973க்கும் இடையில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், மாதத்தையாவது சொன்னால் போதும், பார்த்துச் சொல்கிறேன்.