கடிதம் எழுதத் தக்கவர்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் சேர மதிப்பெண் மட்டும் போதாது. மாணவரை அறிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். எம் மகள் விண்ணப்பித்தபோது யாம் நாடியது, எம் நண்பராகிய ஓய்வுபெற்ற துணைவேந்தரை. பெரிய பெயருக்குக் கதவு திறக்கும் என்று எண்ணினோம். அவரும் அன்புடன் இசைந்தார்.

"அத்தா, அவர் என்னைக் கண்டது மாமி மகள் நிக்காஹில் ஒருநாள்தானே! என்ன எழுதுவார்?" என்றாள் மகள்.

எமக்குச் சினம் மூண்டது, விடைதான் இல்லை.

அவள் நாடியதோ இயற்பியல் ஆசிரியையை. பதினொன்றாம் வகுப்பின் முதல் தேர்வில் அவளுக்கு 100-க்கு 34 வழங்கியவர் அவரே! அதன்பின் மாலைதோறும், தவறிய கணக்குகளுடன் அவள் அவருடைய மேசைமுன் நின்றதை யாம் அறியோம், அவர் அறிவார். ஆசிரியருக்கான படிவம் வினவுவதும் அதுவே: எவ்வளவு காலமாக, எந்நிலையில் இம்மாணவரை அறிவீர்?

கல்லூரியில் சேர்ந்தபின் அக்கடிதத்தைப் பார்க்கும் உரிமையை, அந்நாட்டின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் மாணவருக்கு அளிக்கிறது. அவ்வுரிமை வேண்டாவென மகள் ஒப்பமிட்டாள். அப்போதுதான் அதை ஒளிவுமறைவற்ற எழுத்தெனக் கல்லூரியார் நம்புவராம். ஆகவே ஆசிரியை என்ன எழுதினாரென்று இன்றளவும் எமக்குத் தெரியாது.

துணைவேந்தரிடம் சென்று, கடிதம் வேண்டாமென்று சொல்லத்தான் எமக்கு மூன்று நாட்களாயின.