பாறைக்குக் காது கொடுத்தவர்கள்

கோலார் தங்கவயலில் தங்கத்தைப் பற்றிப் பேசப் பலர் உண்டு. பாறையின் சத்தத்தைப் பற்றிப் பேச ஆள் தேடித்தான் நான் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளுக்குப் போனேன். வடாற்காட்டுப் பூர்விகம் கொண்ட பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர், கடப்பாரையை எடுத்து வாசல் கல்லில் தட்டினார்.

"கிண்ணுனு கேட்டா கல்லு கெட்டியா இருக்கு. பொத்துனு கேட்டா உள்ளே பிளந்திருக்கு தம்பி. அதுக்குக் கீழே நிக்கவே கூடாது."

வெடி வைத்த இடத்துக்குத் திரும்பியதும் முதலில் இதைத்தான் செய்வார்களாம். தலைக்கு மேலே தட்டிப் பார்த்து, பிடிப்பு விட்ட கல்லை நெம்பித் தள்ளிய பிறகே மற்ற வேலை. எத்தனையோ உயிர்களைக் காத்த படிப்பு இது.

ஆனால் காதுக்கு எட்டாத ஆபத்தும் இருந்தது. 3 கிலோமீட்டருக்கும் கீழே, 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் பாறை. தாதுவை வெட்ட வெட்ட, மேல்பாரமெல்லாம் மிச்சப் பாறைமீது இறங்கும். ஒரு கட்டத்தில் அது தாங்காமல் வெடித்துச் சிதறும். வெட்டிய இடத்தைக் கருங்கல் சுவரால் அடைத்துப் பார்த்தார்கள். பிறகு கான்கிரீட் வந்தது. வெடிப்பின் அதிர்ச்சியில் ஊரில் அடுப்படிப் பாத்திரம் உருளும், வீட்டுப் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள் என்றார் அவர் மனைவி. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

1910களிலேயே இங்கே அதிர்வுமானி வைத்தார்கள். 1970களின் பிற்பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு ஜியோபோன்கள் என்ற அதிர்வுணர் கருவிகள் வந்தன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கேயே தொடங்கப்பட்டது. கெட்டிப் பாறையில் அதிர்வலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். ஒவ்வொரு ஜியோபோனையும் அது எட்டுகிற நேரத்தில் உள்ள நூலிழை வித்தியாசத்தை வைத்து, பாறை உடைந்த இடத்தைக் கணக்கிடுவார்கள். ஓரிடத்தில் சிறு அதிர்வுகள் கூடிக்கொண்டே போனால், அங்கே பாரம் ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம்.

நிலத்தடியை இப்படி அதிர்வால் படிப்பது வேறு இடத்திலும் நடக்கிறது. நார்வேயின் வால்ஹால் எண்ணெய் வயலில் 2003 முதல் கடலடியிலேயே கருவிகள் நிரந்தரமாகக் கிடக்கின்றன. செயற்கை அதிர்வை அனுப்பித் திரும்பத் திரும்பப் படமெடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, எண்ணெய்ப் பாறையில் என்ன மாறியது என்று பார்க்கிறார்கள். தங்கவயலில் அதிர்வை யாரும் அனுப்ப வேண்டியதில்லை, பாறையே அனுப்பியது. நேற்றைக்கும் இன்றைக்கும் நிலத்தடியில் என்ன வித்தியாசம் என்பதே இரண்டு இடத்திலும் கேள்வி.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். இறைக்க ஆளில்லாமல் நீர் ஏறியது. பாறைப் பிளவுகளில் நீர் புகுந்து அழுத்தினால் அவற்றின் பிடிப்பு தளரும். அதனால் மூடிய சுரங்கமும் அதிரும். ஆகவே வேலை நின்றுபோனாலும் கண்காணிப்பு நிற்கக்கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். எந்த இடம் அதிர்ந்தது, வீட்டுச் சுவருக்கு ஆபத்து உண்டா என்பதை லைன் வீடுகளுக்கு அன்றன்றே தமிழில் சொல்ல வேண்டும். கடப்பாரையால் பாறையைப் படித்தவர்களிடமும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதாகிவிட்டது.