தலைக்கோட்டையில் ராமராயர் பிழைத்திருந்தால்

பூந்தமல்லி, ஜனவரி 23

1565-ஆம் ஆண்டு ஜனவரியில் கிருஷ்ணை நதிக்கு அருகே, ராட்சசி, தங்கடி என்னும் கிராமங்களை ஒட்டிய வெளியில், விஜயநகரத்தின் பெருஞ்சைன்யத்தைத் தக்காணத்துச் சுல்தான்கள் ஒன்றுகூடி முறியடித்த யுத்தத்தைத்தான் நாம் தலைக்கோட்டைப் போர் என்று வழங்குகிறோம். ஒவ்வோர் ஆண்டும் இந்த மாதம் பிறந்ததும் என் மனம் அந்தக் களத்துக்குப் போய்விடுகிறது. பூந்தமல்லியில் குடியிருக்கும் ஒருவனுக்கு அந்த யுத்தம் அந்நியமானதன்று என்பதே அதற்குக் காரணம்.

பெரிஷ்டா என்னும் பாரசீகச் சரித்திராசிரியர் எழுதிவைத்த வரலாற்றில், அந்த நாளின் ஒரு கணத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். விஜயநகரத்தை ஆண்டுவந்த, எண்பது பிராயத்தை எட்டிய ராமராயர் பல்லக்கில் ஏறிக் களத்துக்கு வருகிறார். குதிரை மேல் இருப்பதே உசிதம் என்று உடனிருந்தோர் விண்ணப்பித்தும் அவர் செவிசாய்க்கவில்லை. போர் மும்முரமானதும் இறங்கி, ரத்தினம் இழைத்த ஆசனத்தில் அமர்ந்து, பொன்னையும் மணியையும் குவியலாக எதிரே கொட்டச் செய்து, வீரம் காட்டுவோர்க்கு வாரி வழங்குகிறார். பகைவரின் பீரங்கிகள் முழங்கிச் சேனை குலையவே மறுபடியும் பல்லக்கில் ஏறுகிறார். அவ்வேளையில் அகமத்நகரின் ஹுசைன் நிஜாம் ஷாவின் யானையொன்று வெறிகொண்டு அத்திசையில் பாய்ந்துவர, தூக்கிச் சென்றவர்கள் உயிருக்கு அஞ்சிப் பல்லக்கைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அவர் எழுந்து குதிரை ஏறுவதற்குள் பகைவர் கைப்பற்றினர். நிஜாம் ஷா அங்கேயே அவர் சிரத்தைக் கொய்வித்து, ஈட்டியில் ஏற்றி யாவரும் காண உயர்த்தினார். கண்டதும் சைன்யம் சிதறியது.

பல்லக்குத் தூக்கிகள் இன்னும் சில நொடிகள் நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதே என்னை விடாமல் பற்றியிருக்கும் கேள்வி.

ஆவடி, ஜனவரி 26

குடியரசு தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்காக, ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அத்தொழிற்சாலை முதல் விஜயந்தா டாங்கியை 1965-ல், அதாவது தலைக்கோட்டைக்குச் சரியாக நானூறு ஆண்டுகள் கழித்து, உருவாக்கியது. என் கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர் சற்றும் தயங்கவில்லை.

“சார், ராஜா பிழைச்சாரா இல்லையாங்கிறது அப்புறம். அந்தப் பக்கம் பீரங்கி யார் கையில இருந்தது? அதைச் சொல்லுங்க முதல்ல.”

நியாயமான கேள்வி. சுல்தான்களின் பீரங்கிப் படையை நடத்தியவர் செலபி ரூமிகான்; ஐரோப்பியக் களங்களில் பயின்றவர் என்று பெரிஷ்டா கூறும் துருக்கர். உதுமானியத் துருக்கரின் வெடிமருந்து வித்தை அந்நாளில் செங்கடல் வழியாகவும் குஜராத் வழியாகவும் தக்காணத்தை வந்தடைந்திருந்தது. அகமத்நகரில் 1549-ல் ரூமி, அதாவது உதுமானியத் துருக்கர், ஒருவர் வார்த்த ‘மாலிக்-இ-மைதான்’ பீரங்கி, ஏறக்குறைய 55 டன் எடையுடன், இன்றும் பிஜாப்பூர்க் கோட்டை மதிலின்மேல் கிடக்கிறது. விஜயநகர வீரர் பீரங்கி வாய்வரை நெருங்கி வந்துவிட்டபோது, ரூமிகான் குண்டுகளை விடுத்துச் செப்புக்காசு மூட்டைகளைக் குழலில் திணித்துச் சுட்டார் என்பது வரலாறு. கிட்டத்தில் வெடித்த அந்தக் காசுகள் முன்வரிசையை முழுதாக அறுத்துத் தள்ளின.

“பேரல் வார்க்கத் தெரிஞ்சவன்தான் சார் ஜெயிப்பான்” என்றார் நண்பர். யுத்தத்தைப் பொறுத்தவரை அவர் கூற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு யுத்தத்தில் தோற்பது வேறு, ஒரு ராஜ்யம் அழிவது வேறு என்றுதான் வாதிட்டேன்.

ஆவடி, ஜனவரி 28

தோல்வி வேறு, அழிவு வேறு என்ற என் வாதத்துக்கு உதுமானியரின் கதையிலிருந்தே ஓர் உதாரணம் கிடைக்கிறது. 1526 ஆகஸ்டு 29 அன்று மொகாக்ஸ் வெளியில் சுல்தான் சுலைமானிடம் தோற்ற ஹங்கேரி மன்னன் லூயிக்கு அப்போது இருபது பிராயம். களத்தை விட்டு ஓடுகையில் கவசத்தின் பாரத்தோடு ஓர் ஓடையில் விழுந்து மாண்டான். சந்ததி இல்லை. ஒரே கிரீடத்துக்கு ஹாப்ஸ்பர்க் பெர்டினாண்டும் ஜான் ஸபோல்யாயும் உரிமை கோரி இருவருமே முடிசூடினர். அந்தப் பூசலின் ஊடே 1541-ல் துருக்கர் புடா நகரைக் கைக்கொண்டனர், நாடு மூன்றாயிற்று. சுலைமானோ மொகாக்ஸில் வென்றும் நாட்டைத் தன்வசம் வைத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பியவர். இளம் லூயி நீந்திக் கரையேறியிருந்தால், அடிபட்ட ராஜ்யமாயினும் ஒரே ராஜ்யமாக அது நின்றிருக்கக்கூடும்.

விஜயநகரத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. முடிசூடிய அரசர் சதாசிவராயர் பிழைத்தே இருந்தார்! கிருஷ்ணதேவராயரின் மருமகனான ராமராயர், சதாசிவரைச் சிம்மாசனத்தில் பெயரளவில் வைத்துவிட்டுத் தாமே ஆண்டவர். ராமராயரின் தம்பி திருமலை, அரசரையும், நூற்றுக்கணக்கான யானைகளின்மேல் ஏற்றிய பொக்கிஷத்தையும் அழைத்துக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போய்விட்டார். எனவே பிழைத்த அரசர் ஒருவரால் பயனேதும் விளையவில்லை. பின்னாளில் விஜயநகர அரசரான மூன்றாம் ஸ்ரீரங்கரும் தோற்றுப் பிழைத்தவரே. வேலூரை இழந்து, இக்கேரியாரையும் மைசூராரையும் அண்டி, ராஜ்யமில்லாத ராஜாவாகப் பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். நாயக்கர்கள் கீழ்ப்படியாத பேரரசருக்கு ஆயுள் இருந்தும் என்ன?

ஆயினும் ராமராயர் அவ்விருவரையும் போன்றவரல்லர். கோட்டைதோறும் தம் சுற்றத்தாரை அமர்த்தியிருந்தவர் அவர். எதிரணியில் இருந்த கோல்கொண்டாவின் இப்ராகிம் குத்ப் ஷா, இளமையில் நாடிழந்து ஏழாண்டுகள் அவரிடம் அடைக்கலம் இருந்தவர். பிஜாப்பூரின் அலி ஆதில் ஷாவை அவர் மகன் என்றே பாராட்டினார். அந்தப் போரைச் சமயங்களின் போர் என்று மட்டும் சொல்வோருக்கு இந்த உறவுகள் புரிவதில்லை. சுல்தான்களை ஒருவர்மேல் ஒருவரை ஏவி அவமதித்ததே அவர் செய்த பெரும்பிழை. அந்த அகம்பாவம்தான் அவர்களை ஒன்றுசேர்த்தது. ஆனால் ஒன்றுசேர்ந்தவர்களைப் பிரிக்கும் சாமர்த்தியமும் அவர் ஒருவரிடமே இருந்தது.

ஆகவே என் அனுமானம் இது. அவர் குதிரை ஏறித் தப்பி விஜயநகரம் சேர்ந்திருந்தால், ஏழு சுற்று மதில்களை உடைய அந்த நகரம் காவலின்றித் திறந்து விடப்பட்டிராது. நெடுநாள் முற்றுகைக்குச் சுல்தான்களின் கூட்டு தாங்கியிராது. வென்ற பிறகே அது கலைந்துவிட்டதே! ராய்ச்சூர், முத்கல் கோட்டைகளைக் கொடுத்துச் சமாதானம் வாங்கியிருப்பார். கிழவர் ஓரிரு ஆண்டுகளில் இயற்கையாக மரித்திருந்தாலும், பொறுப்பு முறையாகக் கைமாறியிருக்கும். மாதக்கணக்கில் எரித்தும் இடித்தும் பாழாக்கப்பட்ட நகரம் தப்பியிருக்கும். 1567-ல் வந்த வெனிஸ் வணிகர் செசாரே பெதரிச்சி, ஆளற்று நின்ற வீடுகளை அல்லவோ கண்டார்!

பூந்தமல்லி, பிப்ரவரி 1

இப்போது எங்கள் ஊரின் பங்கைச் சொல்லவேண்டும். துங்கபத்திரைக் கரையை விட்ட தலைநகரம் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்து வர வர, பேரரசு மெலிந்தது. கடற்கரை நாயக்கர்கள் பலத்தார்கள். தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் வந்தவாசியிலும், அவர் சகோதரர் ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியிலும் இருந்து பழவேற்காடு முதல் சாந்தோம் வரை ஆண்டார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர், சாந்தோமில் போர்ச்சுக்கீசியர். இடையில் தமக்கென ஒரு துறை வேண்டும், பாரசீகத்துக் குதிரைகள் வேண்டும் என்பது நாயக்கரின் விருப்பம். 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்குச் சாசனம் கிடைத்தது: கோட்டை, நாணயம் அடிக்கும் உரிமை, துறைமுக வரியில் பாதி. சகோதரர்களின் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால் சென்னப்பட்டணம் எழுந்தது. 1645-ல் ஸ்ரீரங்கர் அந்தச் சாசனத்தை உறுதிசெய்தார். அடுத்த சில ஆண்டுகளில் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா இப்பக்கமெல்லாம் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சாசனத்தோடு ஒரு செய்தியை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 1558-ல் ராமராயர் தாமே படையோடு மயிலாப்பூருக்கு வந்து, போர்ச்சுக்கீசியர்மேல் பெருந்தொகை தண்டம் விதித்து, முழுப்பணமும் வந்து சேரும்வரை பிணைக்கு ஆட்களையும் கொண்டுபோனார். அன்னியர் கடற்கரையில் தங்கலாம், ஆனால் அரசுக்கு அடங்கித்தான் தங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் மரபு விஜயநகரத்திலேயே வேரூன்றி நின்றிருந்தால், பூந்தமல்லியிலிருந்து ஒரு நாயக்கர் தம் விருப்பப்படி கோட்டைக்கு இடம் கொடுத்திருக்க முடியாது. ஆங்கிலேயர் எங்கேனும் வந்திருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாடகைக்கு வந்த வணிகராக வந்திருப்பார்கள். பூந்தமல்லி இன்று சென்னையின் புறநகராக இராமல், சென்னை பூந்தமல்லியின் ஒரு துறைமுகக் குப்பமாக இருந்திருக்கும் என்றுகூட எண்ணுகிறேன்.

நண்பரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். “அப்பவும் பீரங்கி வார்க்கக் கத்துக்கிட்டிருக்கணும் சார்” என்றார். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அவர் சொல்வது மெய்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. பிள்ளைகளை விஜயநகரம் இருந்த ஹம்பிக்கு அழைத்துச் செல்ல இயலாவிட்டால், ஒரு நாள் பூந்தமல்லிக்கு அழைத்து வாருங்கள். திருக்கச்சி நம்பி பிறந்த ஊரின் வரதராஜப் பெருமாள் கோயிலையும், கோல்கொண்டா ஆட்சியில் 1653-ல் எழுந்த பள்ளிவாசலையும் ஒருசேரக் காட்டி, கிருஷ்ணைக் கரையில் விழுந்த பல்லக்குக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிக்கொடுங்கள்.