மருந்தின் நான்காங் கூறு

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக்கண், மருத்துவம் நான்கு கூறுகளை உடையதென்று வள்ளுவர் வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்பன அவை. நான்கனுள் ஒன்று குறையினும் ஏனைய மூன்றும் பயன்படா என்பது யாம் அதனின்று கொள்ளும் கருத்து. இக்காலத்து அரசாங்கங்கள் முதல் மூன்று கூறுகளுக்கும் ஒருவாறு பொருள் ஒதுக்கியிருக்க, நான்காங் கூறாகிய பேணுவோரை வாயிற்புறத்தே நிறுத்தியிருக்கின்றன. அவருள்ளும் நோயாளியின் இல்லந் தேடிச் சென்று தொண்டு புரிவோர் நிலை பெரிதும் இரங்கத்தக்கது. அதுபற்றி ஈண்டுச் சில கூறத் துணிந்தோம்.

நம் மாநிலத்து நிலையை முதலில் நோக்குவோம். மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் பொருட்டு 1994ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. ஏழை நோயாளர் பெருஞ் சிகிச்சைகள் பெறுதற்கு 2009ஆம் ஆண்டில் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இவை போற்றத்தக்கனவே. ஆயினும், மருத்துவமனைப் படியேற இயலாதார்க்கு இவற்றால் வரும் பயன் யாது? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேற்பட்டோர் அறுபது வயது கடந்தவர். பக்கவாதம், புற்றுநோய், மறதிநோய் முதலியவற்றில் மருத்துவமனையிற் கழிவன சில நாட்களே. எஞ்சிய திங்களும் ஆண்டுகளும் வீட்டுக் கட்டிலிலேயே கழிகின்றன.

இஃது எம் இல்லத்திற் கண்ட உண்மை. எம் பாட்டியார் பக்கவாதத்தால் வீழ்ந்தபொழுது மருத்துவமனையிற் பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டனர். அதன்பின் மூன்றாண்டுகள் படுக்கையே அவர்க்கு உலகமாயிற்று. முதல் திங்களிலேயே இடுப்பிற் படுக்கைப் புண் கண்டது. எம் அன்னையார் செய்வதறியாது திகைத்திருந்த வேளையில், திங்கள்தோறும் ஒரு சிறு தொகை பெற்று வீடுதோறும் செல்லும் ஓர் அம்மையார் வந்தார். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தலும், குதிகால் படுக்கையிற் படாவண்ணம் கெண்டைக்காலுக்குக் கீழே துணிச்சுருள் இடுதலும், தலையை உயர்த்தி அமரவைத்துக் கஞ்சி புகட்டுதலும் அவரே கற்பித்தார். நான்கு திங்களிற் புண் ஆறியது.

ஒரு நாள் எம் அன்னையார் அவரது வருவாயைப் பற்றி வினவினார். "அக்கா, பேருந்துக்கும் கைப்பேசிக்கும் போக எஞ்சுவது அரிசிக்குக் காணும்; பருப்புக்குக் காணாது" என்று நகைத்துக்கொண்டே விடையிறுத்தார். மூன்றாம் ஆண்டில் அவர் ஆடைத் தொழிற்சாலை யொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளைப் பெற்ற ஒருவர் வேறென் செய்வார்? அவரிடத்திற்குப் பிறரொருவர் வருவதற்குள் பல வாரங்கள் கழிந்தன. புண்ணும் மீண்டுந் திறந்தது.

நிற்க. இத்தகையோர்க்கு அளிக்கப்படும் தொகைக்கு 'மதிப்பூதியம்' என்று பெயர். சொல்லில் மதிப்பும் உண்டு, ஊதியமும் உண்டு. கையில் வருவதில் இரண்டும் குறைவு. 2005ஆம் ஆண்டில் மத்திய அரசு கிராமங்கள்தோறும் 'ஆஷா' என்னும் சுகாதாரப் பணிப்பெண்டிரை அமைத்தது. அவரை ஊழியர் என்னாது தன்னார்வலர் என்றே கொண்டது. 2022ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதளித்துப் பாராட்டியது. ஆயினும் 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷா பெண்டிர், திங்களுக்கு 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ஆக உயர்த்த வேண்டித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர நேர்ந்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது. அதிலும் வீடு வீடாக மருந்து கொண்டு செல்வோர் சுயஉதவிக் குழு மகளிரே. அவர் பெறுவதும் ஊக்கத்தொகையே. விருது வாழ்த்துவது அவருடைய உழைப்பையன்றோ?

பெற்றோரைப் பேணுதல் மக்கள் கடன். அதற்கு அரசு பொருள் தருவது ஏன் எனச் சிலர் வினவுவர். கடன் என்பதை யாம் மறுத்திலேம். அக்கடனை ஆற்றுவோர் பெரும்பாலும் மகளிர். கூலி வேலை செய்யும் மகள் வீட்டிலிருந்தால் உலையேறாது. வேலைக்குச் சென்றால் தாய் நீரின்றிக் கிடப்பாள். இவ்விரண்டற்கும் இடையே ஒரு கை வேண்டும் என்பதே எம் வழக்கு.

இக்கருத்துப் புதியதன்று. 1859ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியாரை இறுதிக் காலத்தில் வீட்டிலேயே பேணிய மேரி ராபின்சன் என்னும் செவிலியைத் தம் செலவில் அந்நகரத்து ஏழையர் இல்லங்களுக்கு அனுப்பினார். ஒரு செல்வரின் ஈகையால் முளைத்த அப்பணி, 1948இல் நடைமுறைக்கு வந்த தேசிய சுகாதாரப் பணியின்கீழ் உள்ளாட்சி மன்றங்களின் கடமையாயிற்று. அண்டையிலுள்ள கேரளமும், 1993இல் கோழிக்கோட்டில் அன்பர் சிலர் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணியை 2008ஆம் ஆண்டில் அரசுக் கொள்கையாக ஏற்று, ஊராட்சி நிதியினின்று இல்லச் செவிலியரை அமர்த்தியது. ஈகை வழிகாட்டலாம், நாடோறும் நடத்திச் செல்லப் பொதுநிதியே வேண்டும்.

பொருளுக்கு எங்கே போவது என்பார்க்கும் ஒன்று கூறுவோம். 2017ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்காக உயர்த்த உறுதிகூறியது. அவ்வாறு உயரும் பொருளில் ஒரு பகுதியை இல்லத்துப் பணிக்கென்றே வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பிட்டு ஒதுக்குதல் வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத திங்கள் ஊதியம், வழிச்செலவு, முறையான பயிற்சி, அதற்குச் சான்றிதழ், விடுப்பு, வைப்புநிதி ஆகியவை அப்பணியாளர்க்கு உரிமையாதல் வேண்டும். தடுக்கப்பட்ட ஒரு படுக்கைப் புண் மருத்துவமனையில் ஒரு படுக்கையை மிச்சப்படுத்தும். ஆகலின் இது வீண் செலவன்று.

மாணவ நண்பர்காள்! நுங்களுட் பலர் நாளை அலுவலராகவும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் விளங்குவீர். கிராம சபையில் வரவுசெலவு படிக்கப்படும்பொழுது, இல்லந் தேடி வருவார்க்கு எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். பண்டைத் தமிழில் செவிலி என்பது வளர்ப்புத் தாயைக் குறித்த சொல். தாயென்று பெயரிட்டு அழைத்தோம். அவள் உண்ணும் சோற்றிற் பருப்பும் உண்டா என்று பார்ப்பதே இனி நம் கடமையாம்.