கமரா கற்பித்த பாடம்



தாயகத்தில் விஞ்ஞான ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஒளி பற்றிய பாடத்தை ஊசித்துளைக் கமராவைக் கொண்டே நான் தொடங்குவது வழக்கம். ஒரு சப்பாத்துப் பெட்டி, எண்ணெய் தடவிய தாள், ஓர் ஊசித்துளை, அவ்வளவே தேவை. முற்றத்துத் தென்னை அத்தாளில் தலைகீழாக விழும்போது மாணவர் எழுப்பும் ஆரவாரம் இன்றும் என் செவிகளில் ஒலிக்கின்றது. ஆயினும் அந்நாளில் உண்மையான கமரா ஒன்று என்னிடம் இருந்ததில்லை. குடும்பத்துக்கென இருந்த சில புகைப்படங்களும் ஒரு தகரப்பெட்டியில் கிடந்தன. 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது அப்பெட்டியைக் கைவிட்டு வந்தோம். என் அன்னையின் முகம் இன்று என் நினைவில் மட்டுமே உள்ளது.

இத்தகைய இழப்பை அறிந்த நானே மற்றொருவருக்கு அத்தகைய இழப்பை உண்டாக்கினேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எமது ஆண்டுவிழாவில் படம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று மங்கல விளக்கேற்றியவர், பேரப்பிள்ளைகளைக் காண யாழ்ப்பாணத்திலிருந்து ஒஸ்லோவுக்கு வந்திருந்த ஒரு மூதாட்டி. என்னிடம் இருந்ததோ ஒரேயொரு நினைவட்டை கொண்ட சிறிய கமரா. களைப்பின் மிகுதியால் படங்களை அன்றிரவே கணினிக்கு மாற்றாது விட்டேன். மறுவாரம் அட்டையைப் பொருத்தியபோது கணினியால் அதனை வாசிக்க இயலவில்லை. எத்தனையோ முயன்றும் ஒரு படத்தையேனும் மீட்க முடியவில்லை.

சில மாதங்களின் பின் அம்மூதாட்டி ஊரில் காலமானார். அவருடைய மகன் என்னிடம் வந்து, "மாஸ்ரர், அம்மா விளக்கேத்தின படம் ஒண்டு இருக்குமோ?" என்று கேட்டார். மண்டபத்தில் கைத்தொலைபேசியால் படம் எடுத்தோர் பலர். ஆனால் அவரவர் தத்தம் பிள்ளைகளின் நடனத்தையே எடுத்திருந்தனர். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

அதன் பின்னரே, ஒருவர் பாவித்த நிகொன் டி7000 என்னும் கமராவைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். 2010ஆம் ஆண்டு வெளியான இது, விலையிலும் வசதியிலும் நடுத்தர வகுப்பைச் சேர்ந்தது. இன்று கண்ணாடி இல்லாத புதுவகைக் கமராக்கள் பரவிவிட்டன. எனினும் ஒளியைப் பற்றிக் கற்பதற்கு இதனினும் நல்ல ஆசானை நான் கண்டதில்லை.

இதன் உள்ளே 45 பாகை சாய்வில் ஒரு கண்ணாடி உண்டு. வில்லையினூடாக வரும் ஒளியை அது மேல்நோக்கித் திருப்ப, மேலேயுள்ள ஐங்கோண அரியம் காட்சியை நேராக்கி எமது கண்ணுக்குத் தருகின்றது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும். பின்னால் உள்ள உணரியில் ஒளி விழும். 1 கோடியே 62 இலட்சம் புள்ளிகளாகப் படம் பதியும். அந்தக் கணத்தில் கண்ணுக்கு முன்னால் இருளே நிற்கும். படம் பதியும் கணத்தைப் படம் எடுப்பவன் காண்பதில்லை. பின்னர் படத்தில்தான் காண்கின்றான். படமும் அழிந்துபோனால் அவனிடம் எஞ்சுவது அந்த இருள் மட்டுமே.

மார்கழி மாதத்தில் இந்நகரின் பகற்பொழுது ஏழு மணித்தியாலத்தைத் தாண்டுவதில்லை. எமது மண்டபமோ எப்போதும் மங்கலானது. மின்வெட்டொளி மேடையில் ஆடும் சிறுவரின் கண்களைக் கூசச் செய்யும். ஆகவே அதனை நான் பயன்படுத்துவதில்லை. ஒளியைப் பெற வேறு மூன்று வழிகள் உண்டு. வில்லையின் துவாரத்தை விரிப்பது முதலாவது. 5.6 என்னும் அளவிலிருந்து 1.8 ஆக விரித்தால் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி உட்புகும். இரண்டாவது, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது. ஆனால் நடனத்துக்கு 1/250 செக்கனளவு வேண்டும், நேரத்தைக் கூட்டினால் கைகள் புகைபோற் கலங்கும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறனை உயர்த்துவது. இக்கமராவில் அது 100 முதல் 6400 வரை செல்லும். உயர உயரப் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். மூன்றில் எதைக் கூட்டினாலும் வேறொன்றை விட்டுக்கொடுக்க நேரும். இல்லறம் நடத்தும் பெற்றோருக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

செக்கனுக்கு 6 படங்கள் எடுக்கும் வேகமும், குவியத்துக்கென 39 புள்ளிகளும் இதற்கு உண்டு. ஆயினும் நான் இதனை விரும்பி வாங்கியமைக்குக் காரணம் அவையல்ல. இதன் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு உள்ளது. அதனைத் திறந்தால் இரண்டு நினைவட்டைகளுக்கு இடமுண்டு. எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒருங்கே பதியுமாறு அமைக்கலாம். ஒன்று பழுதானாலும் மற்றையது காக்கும்.

கடந்த ஆண்டு முதல் அம்மூதாட்டியின் மூத்த பேரன் எனக்கு உதவியாளனாக நிற்கின்றான். ஒருநாள் அவன், "சேர், ஏன் இரண்டு அட்டை? ஒன்று காணாதா?" என்று கேட்டான். நடந்ததை மறைக்காமல் கூறினேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இம்முறை விளக்கேற்றுவதை நான் எடுக்கட்டுமா?" என்றான். கமராவை அவன் கையிற் கொடுத்தேன்.

மாணவர்களே, ஆசிரியன் கட்டுரை எழுதினால் வீட்டுவேலை இல்லாமல் முடியுமா? உங்கள் தாத்தா, பாட்டி, அம்மம்மா, அப்பப்பா எவராயினும், இவ்விடுமுறையில் ஒரு படம் எடுங்கள். தொலைவில் இருப்பவராயின் ஊரிலுள்ள உறவினரைக் கொண்டு எடுப்பியுங்கள். அதனை அச்சிட்டு, பின்புறத்தில் அவர் பெயரையும் பிறந்த ஊரையும் உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள். இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்றை வீட்டில் வையுங்கள். மற்றையதை வேறொரு வீட்டில் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

பெற்றோர்களே, அந்த ஊரின் பெயரை எழுதப் பிள்ளை தடுமாறினால், அருகில் அமர்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுங்கள்.